டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வேலையே: வாசகர் கேள்வி பதில்

மனநல மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி குடும்பத்தினர் எழுதியவை. திரும்பி வந்தவர்களே எழுதியவையும் சில இருக்கின்றன, அவற்றைப் படித்ததில் எனக்குத் தனி சந்தோஷம். மனநலச் சமூகப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து பற்றிய முடிவுகளை மட்டும் உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது, ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). ஆறு வருடமாக மருத்துவமனையில் இருக்கிறார். "இனி வீட்டிலேயே இருக்கலாம், அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார் டாக்டர். வீட்டில் 70 வயது அம்மா மட்டும்தான். நான் கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டார்களே என்று சும்மா காத்திருக்காதீர்கள். இப்போதே போய் டாக்டரோடும் அங்குள்ள சமூகப் பணியாளரோடும் உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். இது அவர்கள் பார்த்துச் செய்கிற உதவி அல்ல. ஒருவரை வெளியே அனுப்பும் முன் அவரிடமும், அவர் யாரோடு தங்கப் போகிறாரோ அவர்களிடமும், இனி எந்த டாக்டர் பார்க்கப் போகிறாரோ அவரிடமும் கலந்து பேசித் திட்டம் போட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பேச்சில் உங்கள் அண்ணன் கட்டாயம் இருக்க வேண்டும். அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவரைப் பற்றி உள்ளே முடிவெடுப்பது நம் ஊரில் சகஜமாக நடக்கிறது, அதற்கு நீங்கள் இடம் கொடுக்காதீர்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு வருவது யாருக்குமே கஷ்டம். விடுப்பில் சில நாள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஆனால் அதைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு நிறைய சொந்தக்காரர்கள், வெடிச் சத்தம், ஆளாளுக்கு "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்கிற கேள்வி எல்லாம் சேர்ந்து அவரைக் களைத்துப் போட்டுவிடும். ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண செவ்வாய், புதன் போதும்.

மருத்துவமனையிலிருந்து கையில் வாங்கி வர வேண்டியவற்றைச் சொல்கிறேன். மருந்துகளின் பெயர், அளவு, வேளை எல்லாம் தெளிவாக எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. நீடித்து வேலை செய்யும் ஊசி போடுகிறார்கள் என்றால் அடுத்த ஊசி எந்தத் தேதி என்பது. குளோசபின் சாப்பிடுகிறார் என்றால் ரத்தப் பரிசோதனை எப்போதெல்லாம் என்பது, ஏனென்றால் அந்த மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும், ஆரம்பித்த முதல் சில மாதங்களில் அடிக்கடி பார்த்தாக வேண்டும். லித்தியம் என்ற மருந்து என்றால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். அப்புறம், மருந்து தீரும் முன் அடுத்தது எங்கே வாங்குவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநோய் மருந்துகள் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். முதல் ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுவது ரொம்ப முக்கியம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வார்டில் எழுந்திருக்கிற நேரம், சாப்பாட்டு நேரம், வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிற நேரம் எல்லாமே யாரோ ஒருவர் வைத்ததுதான். அப்படி வருடக்கணக்கில் இருந்தவரிடம் வந்த அன்றே "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டால் பதில் வராமல் போகலாம், அது நோய் முற்றிவிட்ட அடையாளம் இல்லை, தேர்ந்தெடுக்கிற பழக்கமே விட்டுப் போயிருக்கிறது என்பதுதான். இட்லியா தோசையா, வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையா, வெளியே போவதா வேண்டாமா என்று சின்னச் சின்னதாக ஆரம்பியுங்கள். அவர் உள்ளே போனபோது கடையில் காசு கொடுத்துத்தான் சாமான் வாங்கினோம், இப்போது பெட்டிக்கடையில்கூட போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். இதையெல்லாம் கூடவே நடந்து காட்டிக் கொடுங்கள், பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். இந்த ஆறு வருடத்தில் குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால், வீடு மாறியிருந்தால், நிலத்தை விற்றிருந்தால், அதை அவர் வாசல்படி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று மறைத்து வைத்து, கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்கிற கொடுமை வேண்டாம். துக்கப்படுவதற்கு அவருக்கும் உரிமை இருக்கிறது.

அவருக்கென்று ஒரு இடம், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிற கதவு, வீட்டுச் சாவியில் ஒன்று. வெளியே பூட்டு மாட்டாதீர்கள். மாத்திரையை அம்மா கையில் எடுத்து வாயில் போடுவதும் வேண்டாம், வாரத்துக்கான டப்பாவில் அவரே எடுத்து வைத்துக்கொள்ளட்டும், ஆரம்பத்தில் நீங்கள் கூட உட்காருங்கள். அவர் ஒருவேளை மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் காப்பியிலோ சாம்பாரிலோ கலந்து கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று டாக்டருக்கும் தெரியாது. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், வீட்டில் கொடுக்கிற எதையும் நம்பிச் சாப்பிட மாட்டார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். கை நடுங்குகிறதா, எச்சில் வழிகிறதா, எடை ஏறுகிறதா, எப்போதும் தூக்கமா? இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் ஏதாவது வழி இருக்கும், மருந்தை மாற்றலாம், வேளையை மாற்றலாம், மாதம் ஒரு ஊசியாக்கலாம்.

நோய் மறுபடி தலைகாட்டும்போது உங்கள் அண்ணனுக்கு முதலில் என்ன ஆகும் என்பதை அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பலருக்கு முதலில் கெடுவது தூக்கம். சிலர் குளிப்பதை நிறுத்துவார்கள், சிலர் டிவியை அணைக்கச் சொல்வார்கள். அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனை, எது வேண்டவே வேண்டாம் என்று அவர் நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், தன் சார்பாகப் பேச ஒருவரை நியமிக்கவும் அதே சட்டம் உரிமை கொடுக்கிறது. அதைப் பதிவு செய்யும் முறையைச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து மற்ற நேரத்தைவிட அதிகம். நீங்கள் டெல்டா பக்கம், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அவர் வரும் முன்பே அதை அப்புறப்படுத்திவிடுங்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்கிற மாதிரி பேசினால் திட்டாமல், மழுப்பாமல், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, உங்கள் அம்மா. இத்தனையையும் 70 வயதில் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டு பேருமே படுத்துவிடுவார்கள். ஊசிக்குக் கூட்டிப் போவது உங்கள் பொறுப்பு, வாரத்தில் ஒரு நாள் அவர் உங்கள் வீட்டில், சித்தப்பா பெரியப்பா மகன் யாராவது இருந்தால் சாயங்காலம் டீக்கடை வரை கூட நடப்பது அவர் பொறுப்பு என்று இப்போதே பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவி இரண்டு மாதம் உள்நோயாளியாக இருந்துவிட்டு வந்திருக்கிறாள். குழப்பமான பேச்சு, சந்தேகம் எல்லாம் போய்விட்டது. ஆனால் காலை பத்து மணி வரை தூங்குகிறாள், ஒரு வேலையும் செய்வதில்லை. சோம்பேறித்தனம் என்று என் அம்மா தினமும் சண்டை. (வாசகர், சேலம்)

சந்தேகமும் குழப்பமும் மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். ஆர்வம் குறைவது, எதையும் ஆரம்பிக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது, முகத்தில் உணர்ச்சி இல்லாமல் இருப்பது போன்றவை நோயின் இன்னொரு பாதி, அவை மெதுவாகத்தான் விலகும். அதோடு மாத்திரைத் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. இரவு மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பல பேருக்கு அதுவே காலையைச் சரிசெய்துவிடும். மனச்சோர்வு உள்ளே இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியே போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது என்று ஆராய்ந்தார். தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பிப் போனவர்களுக்கு அதிகம் திரும்பியது. பாசம் இருக்கிற இடத்தில் ஏன் இப்படி என்று அவரும் மற்றவர்களும் தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது, ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பு காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று அதிகமாக இருக்கிற வீடுகளில்தான் நோய் சீக்கிரம் திரும்புகிறது. உங்கள் அம்மா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு யாரும் இதை விளக்கிச் சொல்லவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், உங்கள் மனைவி முன்பு வீட்டில் செய்த வேலை எல்லாவற்றையும் மறுபடி செய்தால்தான் குணமாகிவிட்டாள் என்று அர்த்தமா? காலை டிபன் பொறுப்பைக் கொஞ்ச நாள் நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே. அவர் செய்ய விரும்புகிற ஒன்று, பூக்கட்டுவதோ பிள்ளைக்குத் தலை பின்னுவதோ, அதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

கேள்வி: நான் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. நான்தான் நோயாளி. வீட்டில் எல்லோரும் என்னிடம் பேசுகிற ஒரே விஷயம் "மாத்திரை போட்டாயா". ஏடிஎம் கார்டு தம்பியிடம். கோபப்பட்டால் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்கிறார்கள். வேலைக்குப் போக ஆசை. (வாசகர், மதுரை)

எழுதியதற்கு நன்றி தம்பி. கோபம் வருவது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான், ஒருமுறை நோய் வந்துவிட்டால் அதன்பின் வருகிற ஒவ்வொரு உணர்ச்சியையும் நோயின் கணக்கில் எழுதுவது அநியாயம், உங்கள் வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மனநோய் இருப்பதால் ஒருவருடைய வங்கிக் கணக்கு அடுத்தவர் கைக்குப் போய்விடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது. சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. ஆனால் நாளைக்கே தம்பியோடு சண்டை போட்டுக் கார்டைப் பிடுங்க வேண்டும் என்பதில்லை. நோய் உச்சத்தில் இருந்தபோது பணத்தை வாரி இறைத்திருந்தால் அவருக்கு அந்தப் பயம் இன்னும் போகாமல் இருக்கலாம். கார்டு உங்களிடம், ஒரு நாளைக்கு எடுக்கிற தொகைக்கு ஒரு வரம்பு, மாதம் ஒரு தடவை இருவரும் சேர்ந்து பாஸ்புக் பார்ப்பது என்று பேசிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் உங்கள் டாக்டர் முன்னிலையில் பேசுங்கள். அதற்கும் மேல் போனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

"மாத்திரை போட்டாயா"வுக்கு ஒரு யோசனை. காலண்டரில் நீங்களே டிக் போட்டுவிடுங்கள், கேட்க நினைப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும், வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம்.

வேலை. முழுமையாகக் குணமான பிறகு வேலை என்று தள்ளிப்போடச் சொல்வார்கள். என் அனுபவத்தில் வேலைதான் பலரைக் குணத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அரை நாள் வேலையில் ஆரம்பியுங்கள், இரவு ஷிஃப்ட் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார், நோயைக் குறைப்பதோடு நிற்காமல் ஆட்களை வேலைக்கும் வாழ்க்கைக்கும் தயார்படுத்துவது அங்கே முக்கியமான வேலை. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களும் வருகிறார்கள். பயோடேட்டாவில் நோயைப் பற்றி எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் மட்டும் மாற்றுத்திறனாளி சான்றிதழைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நான் ஒரு மனநல மருத்துவமனையில் செவிலியர். வார்டில் ஒரு அம்மா பல வருடமாக இருக்கிறார். நோய் அடங்கி எவ்வளவோ காலமாகிறது. வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டால் திரும்பி வருகிறது. இவரைப் போன்றவர்களுக்கு என்னதான் வழி? (வாசகி, சென்னை)

நோய் இல்லாமல் முகவரி இல்லாத காரணத்தால் ஒருவர் வார்டில் கிழவியாவது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. அவர் இருக்க வேண்டிய இடம் வார்டு அல்ல என்று சட்டமே சொல்கிறது. போக வீடு இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்கிற காரணத்தால் மட்டும் யாரையும் மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது, அப்படிப்பட்டவர்கள் ஊருக்குள் வாழ்வதற்கான இல்லங்களை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு.

முதலில் குடும்பத்தைத் தேடுவதில் இன்னும் ஒரு முயற்சி செய்யலாம். காகிதத்தில் இருக்கிற முகவரி பழையது, ஆனால் அவர் நினைவில் ஊர்க் கோயில், ஆறு, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கும், அதைச் சாவகாசமாகப் பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு மொழி பேசுகிறவர் என்றால் அந்த மொழிக்காரர் ஒருவரைப் போனில் பேச வையுங்கள். ஆதார் எடுக்கப் போய்க் கைரேகை மூலம் பழைய பதிவு கிடைத்துக் குடும்பம் தெரியவந்த சம்பவங்களும் நாட்டில் உண்டு. கண்டுபிடித்ததும் அவரை வண்டியேற்றிவிடாதீர்கள். "அங்கே போக உங்களுக்கு இஷ்டமா?" என்று கேளுங்கள். அடி உதையிலிருந்து தப்பி வந்த வீடாக இருக்கலாம்.

போக இஷ்டமில்லை, அல்லது யாருமே இல்லை என்றால்? 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, தெருவில் தவித்த மனநோயாளிப் பெண்களுக்கான இல்லமாகத்தான் ஆரம்பித்தது. அங்கேயும் இதே சிக்கல் வந்தது, குணமானவர்களில் ஒரு பகுதியினருக்குத் திரும்ப வீடு இல்லை. 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு வழியை ஆரம்பித்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், தாங்களே சமைத்து, சந்தைக்குப் போய், சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ்வார்கள். தேவைப்படுகிற அளவுக்கு உதவ ஒரு பணியாளர் இருப்பார். வருடக்கணக்கில் வார்டில் இருந்தவர்கள் பலர் இப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். இவருக்கு எதற்கு வெளி உலகம், இங்கேயே பழகிவிட்டாரே என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். இத்தாலி 1978-இல் சட்டம் போட்டு மனநல விடுதிகளில் புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்தியது. அதற்கு முன்பே அந்நாட்டின் ட்ரியெஸ்டே நகரில் டாக்டர் ஃபிராங்கோ பசாலியாவும் அவருடைய குழுவினரும், பூட்டியே கிடந்தவர்களை அடுக்குமாடி வீடுகளுக்கும் வேலைகளுக்கும் கொண்டுவந்து காட்டியிருந்தார்கள்.

உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மூலம் இப்படிப்பட்ட இல்லங்களுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் எழுதச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: இல்லம் என்று பலகை மாட்டிய எல்லாமே இல்லம் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, வாசல் பூட்டு எப்போதும் தொங்குகிறதா, தலைமுடியை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்களா, சமையலறைக்குள் தங்கியிருப்பவர்கள் போய்வருகிறார்களா என்று நேரில் பார்த்த பிறகே அனுப்புங்கள். அந்த அம்மாவையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் வார்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. அவருக்கு ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பர்ஸ், உங்களோடு கடைக்கு நடந்து போய்ச் சோப்பும் பவுடரும் அவரே பார்த்து வாங்குவது.

கேள்வி: எங்கள் தெருவில் மனநல மருத்துவமனையிலிருந்து வந்த பெண்கள் நான்கு பேருக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குழந்தைகள் இருக்கிற தெரு. பயப்பட வேண்டுமா? (வாசகர், செங்கல்பட்டு)

வேண்டாம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதுதான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. அந்தப் பெண்கள் சிகிச்சையில் இருக்கிறார்கள், உதவிக்கு ஆளும் இருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது மற்ற பக்கத்து வீட்டாருக்குச் செய்வதுதான், தண்ணீர் லாரி வந்தால் குரல் கொடுப்பது, விசேஷம் என்றால் பத்திரிகை வைப்பது. தெருவில் யாரையாவது திட்ட 'கீழ்ப்பாக்கம்' என்று பிள்ளைகள் சொன்னால் கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்க முடியுமா? நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், எனக்குப் பிறகு அவளுக்கு என்ன? (வாசகர், திருநெல்வேலி)

முடியும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்து, தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகியவற்றில் எவ்வளவு சிரமம், எத்தனை வருடமாக நோய் என்று கணக்கிட்டுச் சதவீதம் போடுவார். 40-ம் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி உண்டு. பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கொண்டு போங்கள், பரிசோதனை அன்று மகளை ரொம்பத் தயார்படுத்தி "நல்லா பேசு" என்று சொல்லிக் கூட்டிப் போக வேண்டாம், சாதாரண நாளில் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும். உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். மனநோயால் சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ, பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதிகளில் இடம் உண்டு. நிறையக் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது பெற்றோர் இருவரும் போன பிறகு, அப்போது ஆவணம் சேர்க்க அலைகிறார்கள். நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதிய அலுவலகத்தில் மகளின் பெயரையும் மருத்துவச் சான்றிதழையும் பதிவு செய்துவிடுங்கள், அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கும் ஆதாரும் தயாராக இருக்கட்டும். இந்தத் தாள்களெல்லாம் எந்த பீரோவில் எந்த அறையில் இருக்கின்றன என்பதை மகளுக்கும் காட்டி வையுங்கள்.